பாஸ்போர்ட்டில் ரெட்டைச் சடை

வண்டி ஓட்டினவனை எழுதச் சொல்கிறார்கள். நான் பத்தாவது பாஸ், அதுவும் இரண்டாவது தடவையில். உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் சும்மா எட்டிப் பார்க்கலாமென்று அங்கே போனேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் சமூகப் பணியாளர் பெண், ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செல்போனைக் காட்டிக்கொண்டிருந்தாள். போனுக்குள் ஒரு வெளிநாட்டுத் தம்பதி கையை ஆட்டினார்கள். குழந்தையும் ஆட்டியது. தத்தெடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே பிள்ளையோடு இப்படிப் பழகிவிடுகிறார்களாம். உத்தரவுக்குக்கூட கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, கலெக்டரே கொடுத்துவிடுகிறாராம். உங்கள் காலத்தில் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். செய்ததும் உண்டு, கெடுத்ததும் உண்டு என்று சொன்னேன். கெடுத்ததை எழுதிக் கொடுங்கள், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று பிடித்துக்கொண்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பிள்ளையின் பெயரையும் அதன் பெற்றோர் பெயரையும் வெளியில் சொல்லக் கூடாது என்பது சட்டம். அதனால் பிள்ளையை அம்மு என்று எழுதுகிறேன். வந்தவர்கள் இத்தாலிக்காரர்கள். அந்த அம்மாவை லூசியா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கணவரை அவர் கணவர் என்றே எழுதிவிடலாம், பாவம் அவர் அதிகம் பேசவில்லை.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஆறு வருஷம் நெல் லாரி ஓட்டினேன். மூட்டை பேசாது, அழாது, வாந்தி எடுக்காது. அங்கிருந்து பிள்ளைகளை ஏற்றும் ஜீப்புக்கு வந்தேன். ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட் ஆபீஸ், செங்கல்பட்டு கோர்ட்டு என்று சுற்றுவதுதான் வேலை. சேர்ந்த முதல் வருஷத்திலேயே ஒரு பெரிய பாடம் படித்தேன். ஐந்து வயசுப் பெண் ஒன்றை வேறு இல்லத்துக்கு மாற்றினார்கள். வழியெல்லாம் அழுதது. சாயந்திரம் திரும்பிவிடலாம் என்று சும்மா சொல்லி வைத்தேன், அழுகை நின்றது. நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து போன் வந்தது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்திருக்கிறதாம், ஜீப்பு வரும் என்று.

எங்கள் கண்காணிப்பாளர் எஸ்தர் மேடம் என்னைத் திட்டவில்லை. மறுபடி அங்கே போகச் சொன்னார். அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து, மாமா பொய் சொல்லிவிட்டேன், நீ இனிமேல் இங்கேதான் இருக்கப் போகிறாய் என்று என் வாயாலேயே சொல்ல வைத்தார். அது என்னை அடித்தது. அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு வண்டியில் எந்தப் பிள்ளைக்கும் எதையும் சத்தியம் செய்ததில்லை.

எஸ்தர் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துக்காரர், ஒல்லியான உடம்பு, குரலே எழும்பாது. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். பிள்ளைகளிடம் பேச வேண்டுமென்றால் எங்கே இருந்தாலும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குந்தி, அதன் கண்ணுக்கு நேராகத்தான் பேசுவார். பிள்ளையைப் பற்றி ரிப்போர்ட் எழுதும்போது நல்ல பிள்ளை, சேட்டைக்காரப் பிள்ளை என்று எழுதினால் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவார். என்ன செய்தது, அதை எழுது என்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டு நம்மை சார் போட்டுக் கூப்பிடுவார். ஏழுமலை என்று கூப்பிட்டால் நிம்மதி. ஏழுமலை சார் என்றால் அன்றைக்கு நாஷ்டா இறங்காது.

அம்மு பிறந்த பத்தாம் நாள் எங்களிடம் வந்தவள். இடது பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு ஆபரேஷன், மாவுக்கட்டு, அப்புறம் தனியாகச் செய்த பூட்ஸ். ஆஸ்பத்திரிக்கெல்லாம் என் ஜீப்பில்தான். உள்ளூர்க் குடும்பங்கள் சில வந்து பார்த்தன. முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், காலைப் பார்த்ததும் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். ஒருத்தரும் திரும்பி வரவில்லை. மூன்று வயசு தாண்டிய பிறகு இத்தாலியிலிருந்து இந்தக் குடும்பம் சரியென்று சொன்னது. இதுவும் கைவிட்டால் வயசு ஏறிக்கொண்டே போகும், அம்மு அந்த ஹாலிலேயே வளர்ந்து பள்ளிக்கூடம் போக வேண்டியதுதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது வீடியோ பேச்செல்லாம் கிடையாது. அவர்கள் ஒரு ஆல்பம் அனுப்பினார்கள். வீடு, படிக்கட்டு, அம்முவுக்கான கட்டில், ஒரு கிழட்டு நாய், பிறகு அவர்கள் இரண்டு பேர். கூடவே ஒரு துணிப் பொம்மை. அந்த அம்மா தன் தலையணையில் ஒரு வாரம் வைத்துப் படுத்திருந்து அனுப்பியது, வாசனை பழகட்டும் என்று. அதைத் துவைக்கக் கூடாது என்பது மேடம் உத்தரவு. தினமும் சாயந்திரம் பால் குடித்ததும் ஆல்பத்தை ஒரே வரிசையில் புரட்டிக் காட்ட வேண்டும். பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, பிள்ளை கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். முதல் மாதம் அம்மு நாயை மட்டும்தான் பார்த்தாள். நாலாம் மாதம் லூசியா அம்மாவின் படத்தில் விரலை வைத்து, இவங்க எப்போ வருவாங்க என்று கேட்டாள். மேடம் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார்.

எட்டு மாசத்தில் கோர்ட்டு உத்தரவு வந்தது, பாஸ்போர்ட் வந்தது. பாஸ்போர்ட் போட்டோவில் அம்மு ரெட்டைச் சடை போட்டு, முறைத்துக்கொண்டு இருந்தாள். நல்ல அடர்த்தியான முடி. அவர்கள் வந்து சேர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பூட்ஸ் அளவு பார்க்கக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. மேடம் சென்னையில் மூன்று நாள் பயிற்சியில் இருந்தார். நர்ஸம்மாவுக்கு ஜுரம், அதனால் சமையல் சரோஜாக்கா கூட வந்தார். வழியில் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே வந்தவர், இது பிறந்த முடி, இதுவரை ஒரு தடவைகூட எடுத்ததில்லை என்று ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வயசில் எடுப்பார்கள், தவறினால் மூன்றில் எடுப்பார்கள். மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை அடித்து, அப்படியே காதும் குத்துவார்கள்.

"பொறந்த முடியோடவா இத்த கப்பல் ஏத்தறது?" என்றார் சரோஜாக்கா. "அங்க போனா யாரு செய்வா? மாமன் இல்லன்னு சொல்லாத. நாளெல்லாம் உன்னத்தான மாமா மாமான்னு கூப்புட்டுக்கினு கீது."

எல்லாப் பிள்ளைகளும் டிரைவரை மாமா என்றுதான் கூப்பிடும். வாட்ச்மேனையும் கூப்பிடும். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை கிடையாது. யார் பிள்ளையையும் நான் அப்படி மடியில் வைத்ததில்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் வண்டியை எங்கள் ஊருக்குத் திருப்பினேன். ஏரிக்கரை அம்மன் கோயில். மாலை வாங்கினேன், புதுப் பாவாடை சட்டை வாங்கினேன், பொட்டுத் தோடு வாங்கினேன். மாமன் செய்ய வேண்டிய எதையும் விடவில்லை. நாவிதர் தண்ணீர் தெளித்தபோது அம்மு சிரித்தாள். கத்தி பட்டதும் என் கட்டை விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். காது குத்தியபோதுதான் கத்தினாள். சரோஜாக்கா சந்தனம் பூசினார். முடி ஏரித் தண்ணீரில் போயிற்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைப்பு.

மறுநாள் மேடம் வந்தார். அம்மு ஓடிப்போய் மொட்டையைக் காட்டி, மாமா மடியில் குந்தினேன் என்று பெருமையாகச் சொன்னாள். மேடம் தரையில் குந்தி, இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டருக்குப் போன் செய்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழுமலை சார், ஆபீஸுக்கு வாங்க."

உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மேஜையில் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்தார். ஏர்போர்ட்டில் இந்தப் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் பிள்ளையைப் பார்ப்பார்கள், என்ன சொல்லப் போகிறோம் என்று கேட்டார். பெற்றோருக்கு என்ன சொல்வது என்று கேட்டார். நான் எந்தச் சாமி, அவர்கள் எந்தச் சாமி என்று கேட்டுக்கொண்டேனா என்று கேட்டார். எல்லாம் மெதுவான குரலில்தான். அதற்கெல்லாம் தலை குனிந்து நின்றுவிட்டேன். கடைசியாக ஒன்று சொன்னார்.

"எட்டு மாசமா இந்தப் புள்ளைய நம்மகிட்டேருந்து கொஞ்சம் கொஞ்சமா அவுத்து, அவங்ககிட்ட சேக்கப் பாடுபட்டுக்கினு இருக்கோம். நீங்க ஒரே நாள்ல திருப்பிக் கட்டிட்டீங்க."

எனக்கு மெமோ கொடுத்தார். நியாயம்தான். ஆனால் இத்தாலிக்குக் கடிதம் எழுதும்போது என் பெயரைப் போடவில்லை. இல்லத்தில் நடந்த தவறு, பொறுப்பு என்னுடையது என்று தன் பெயரைப் போட்டு, மொட்டைத் தலைப் படத்தையும் வைத்து அன்றைக்கே மெயில் அனுப்பினார்.

மூன்று நாள் பதில் இல்லை. நான் சாப்பிட்ட சாப்பாடு எது என்றே தெரியவில்லை. சரோஜாக்கா சமையல்கட்டில் தன்னையே திட்டிக்கொண்டு கிடந்தார். நாலாம் நாள் அவர்கள் ஊர்த் தத்தெடுப்பு ஏஜென்சியிடமிருந்து கேள்விகள் வந்தன. பிள்ளைக்கு ஏதாவது நோயா, மறைக்கிறீர்களா? தலையில் படையா, பேனா? அடம் பிடித்ததற்குத் தண்டனையா? புதிதாக டாக்டர் சர்டிபிகேட் வந்த பிறகுதான் டிக்கெட் உறுதி என்று எழுதியிருந்தார்கள். தண்டனையா என்ற கேள்வியை மேடம் எனக்குப் படித்துக் காட்டினார். என் மடியில் உட்கார்ந்து சிரித்த பிள்ளையைப் பற்றி எங்கோ ஒரு வீட்டில் இப்படி நினைத்துத் தவித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைச் செய்தவன் நான். டாக்டரிடம் நானேதான் வண்டி ஓட்டிப் போனேன். ஒரு காதில் லேசாகச் சீழ் வைத்திருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதச் சொன்னார் மேடம்.

அவர்கள் வந்தார்கள். பெற்றோர் வந்துவிட்டால் பிள்ளைக்கு நெருக்கமான ஆட்கள் கண்ணில் படக் கூடாது என்பது மேடத்தின் முறை. பழகிய முகம் பக்கத்தில் இருந்தால் புது முகத்திடம் பிள்ளை போகாது. அதனால் நான் ஜீப்பைக் கொண்டுபோய் மாவு மில்லுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு அங்கேயே கிடந்தேன். சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நடந்ததைச் சரோஜாக்காதான் வந்து சொல்வார். முதல் நாள் லூசியா அம்மா தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாராம். அம்மு வரவில்லை. அந்த அம்மா ஒரு பை நிறைய முடிக்கு மாட்டும் கிளிப்பும் ரிப்பனும் கொண்டுவந்திருந்தாராம், எங்கள் மெயில் கிடைப்பதற்கு முன்பே வாங்கியது. பையைத் திறக்காமலே மூடி வைத்துக்கொண்டாராம். இரண்டாம் நாளும் அதே கதை. ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அம்மு மாமா என்று வாசலுக்கு ஓடியிருக்கிறாள். மேடம் சொன்னதுதான் நடந்தது.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளை கூப்பிடும் ஆள் யார் என்று லூசியா அம்மா கேட்டிருக்கிறார், மேடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். நான் ஆபீஸுக்குள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா என்னை நேராகப் பார்த்து ஏதோ சொன்னார். மேடம் தமிழில் சொன்னார்.

"அந்த முடிய எட்டு மாசமா படத்துலதான் பாத்தாங்களாம். ஒரு வாட்டிகூடத் தொட்டதில்லையாம். அத நீங்க எடுத்துட்டீங்கன்றாங்க."

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். நல்ல மனசோடு செய்தேன் என்பது எனக்கு ஆறுதல், அவருக்கு அல்ல.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"பொறந்த முடிம்மா அது. எங்க ஊர்ல மாமன் மடில குந்த வெச்சித்தான் எடுப்பாங்க. இதுக்கு யாரும் இல்லியேன்னு நான் குந்தினேன். உங்கள கேக்காம செஞ்சது தப்பு."

மேடம் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். லூசியா அம்மா அடுத்துக் கேட்டது நான் எதிர்பாராதது. மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது தாய் எங்கே இருப்பாள் என்று கேட்டார். பக்கத்தில் நிற்பாள், மொட்டை அடித்ததும் அவள்தான் சந்தனம் பூசுவாள் என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். அம்முவுக்குச் சந்தனம் பூசியது சரோஜாக்கா. தாய் என்று ஒருத்தி வந்துகொண்டிருக்கிறாள், அவளுக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தோன்றவே இல்லை.

மேடம் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்தார். தன் முறையைத் தானே மீறுவதா என்று யோசித்தார் போல. பிறகு சரோஜாக்காவிடம் சந்தனம் குழைத்துக்கொண்டுவரச் சொன்னார். என்னைத் தரையில் உட்காரச் சொன்னார்.

அம்மு ஓடி வந்து என் மடியில் ஏறினாள். லூசியா அம்மா முழங்காலில் நின்று, விரலைக் கிண்ணத்தில் தொட்டு, பயந்துகொண்டே அவள் உச்சியில் வைத்தார். அம்மு விறைத்தாள். என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள். சந்தனம் ஜில்லென்று இருந்திருக்கும், தோளைச் சுருக்கினாள். அப்புறம் காதுக்குப் பின்னாலும் பூசச் சொல்லித் தலையைச் சாய்த்துக் காட்டினாள். இரண்டு வார முடி முளைவிட்டிருந்தது.

"முள்ளு முள்ளா கீது," என்று அந்த அம்மாவிடம் சொன்னாள்.

அவரிடம் அம்மு பேசிய முதல் பேச்சு அது. அந்த அம்மாவுக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. ஆனால் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அன்றைக்கே மேடம் புது முறை ஒன்று போட்டார். மறுநாள் அம்மு என் மடியில் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாள் நான் வாசல் பக்கம் நாற்காலியில் இருந்தேன். அதற்கும் அடுத்த நாள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் அம்மு தானே சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லூசியா அம்மாவிடம் போய்த் தலையை நீட்டியதாகச் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை, மாவு மில்லுக்குப் பின்னால் இருந்தேன். சந்தோஷமாக இருந்தது, வலிக்கவும் செய்தது. இரண்டையும் மறைப்பானேன்.

ஆனாலும் அவள் அவரை அம்மா என்று கூப்பிடவில்லை. கையைப் பிடிப்பாள், சட்டையை இழுப்பாள், பெயர் சொல்ல மாட்டாள். கிளம்பும் நாள்வரை அப்படித்தான்.

மத்தியான விமானம். மீனம்பாக்கத்துக்கு நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் அவர்கள் மூவர், என் பக்கத்தில் கோர்ட்டு உத்தரவு ஃபைலோடு மேடம். ஏர்போர்ட் வாசலில் பெட்டிகளை இறக்கும்போது அம்மு வந்து என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். விடச் சொல்லி மேடம் கண்ணால் காட்டினார். எனக்கு மனசு வரவில்லை. உள்ளே போகிற கதவுவரை அப்படியே நடந்தோம்.

கதவருகே துப்பாக்கியோடு நின்ற பாதுகாப்புக்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். ரெட்டைச் சடை. பிள்ளையைப் பார்த்தார். மொட்டைத் தலை, பேண்ட் சட்டை, என் விரலைப் பிடித்தபடி. அந்த வெள்ளைக்காரத் தம்பதியைப் பார்த்தார். ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு வாக்கி டாக்கியில் யாரையோ கூப்பிட்டார். மேடம் உத்தரவை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை. லூசியா அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இந்தக் கதவில் திருப்பி அனுப்பினால் மறுபடி கோர்ட்டு, மறுபடி பாஸ்போர்ட், எத்தனை மாசமோ. எல்லாம் என் கைவேலை. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்றிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார், தமிழ்க்காரர். ஃபைலை முழுக்கப் படித்தார். படித்துவிட்டும் நம்பாதவர் போல அம்முவின் எதிரில் குனிந்தார்.

"பாப்பா, நீ யாரு கூடப் போற?"

சொல்லிக் கொடுக்கவும் முடியாது, கண் காட்டவும் முடியாது. அம்மு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் விரலை விட்டாள். லூசியா அம்மாவிடம் போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க அம்மா கூட."

மற்றது எதுவும் புரியாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை அந்த அம்மாவுக்குப் புரிந்தது. அப்படியே குனிந்து பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டார். அதிகாரி என்னைக் காட்டி, அப்போ இவர் யார், இவர் வரவில்லையா என்று கேட்டார்.

"அது மாமா," என்றாள் அம்மு. "மாமா வராது. மாமா வூட்டுக்குப் போவும்."

இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நானும் சொன்னதில்லை. அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டார். அம்மு அவள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்த மொட்டைத் தலை கூட்டத்தில் மறைகிறவரைக்கும் நின்றேன். பிறகு மேடத்தை உத்திரமேரூரில் இறக்கிவிட்டு, ஜீப்பை ஷெட்டில் போட்டுவிட்டு, அவள் சொன்னபடியே நான் வீட்டுக்குப் போனேன்.